எண்ணெய் கம்பிக்குள்ளேயே ஏறி வருவதற்கு என்ன சொல்?

காட்பாடியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். இருசக்கர வண்டிப் பழுதுகளுக்கான சொற்பட்டியலில் 'எண்ணெய்க் கசிவு' என்ற ஒரே தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் போட்டிருக்கிறோம். கேஸ்கட் (இரு பாகங்களுக்கு நடுவில் வைக்கும் தகடு) விட்டால் கசிவு, ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம்) தேய்ந்தால் கசிவு. ஒரு பழுது மட்டும் இதில் அடங்காது. எஞ்சின் பக்கவாட்டில் உள்ள மேக்னெட் கவருக்குள் இருக்கும் ஸ்டேட்டர் காயிலின் (வண்டிக்கு மின்சாரம் உண்டாக்கும் சுருள்) ஒயர்கள், கவரின் துளையை அடைக்கும் ரப்பர் குரோமெட் வழியாக வெளியே வருகின்றன. குரோமெட்டும் சுத்தம், கவர் விளிம்பும் சுத்தம், ஆனால் ஒரு முழம் தள்ளி ஒயர்களை இணைக்கும் கப்ளரைப் பிரித்தால் அதன் உலோக முனையான 'பின்'னுக்குள் எஞ்சின் ஆயில் நிற்கிறது.

ஒயர் ஒற்றைக் கம்பி இல்லை, மெல்லிய செப்பு இழைகள் முறுக்கியது. இழைக்கும் இழைக்கும் நடுவில் இருக்கும் சந்து நுண்புழையாக வேலை செய்கிறது. காயில் முனையில் ஒயர் பற்றவைத்த இடத்தில் உறை திறந்திருப்பதால் எண்ணெய் அங்கே நுழைகிறது. எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளுகிறது. குரோமெட் பிடிப்பது உறையின் வெளிப்புறத்தைத்தான். உள்ளே ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதைக் 'கசிவு' என்று மட்டும் எழுதினால் படிக்கிற பையன் கேஸ்கட்டை மாற்றுவான், குரோமெட்டைச் சுற்றி சிலிக்கான் பூசுவான், கொஞ்ச நாளில் வண்டி திரும்பி வரும். எண்ணெய் எந்த வழியில் வருகிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் முன்மொழிவு: இழையூறல்.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணே, 'ஊறல்' வேண்டாம். நம்ம வேலூர் மாவட்டத்தில் ஊறல் என்றால் அணைக்கட்டு மலையில் போலீஸ் பேரல் பேரலாகக் கொட்டி அழிக்கிற சாராய ஊறல்தான். பட்டறையில் சொன்னால் சிரிப்பார்கள்.

'இழை'யும் சரியாக உட்காரவில்லை. முறுக்கின இழைத் தொகுதிக்குத் தமிழில் 'புரி' இருக்கிறது. வைக்கோற்புரி, முப்புரி நூல். புரிக்கசிவு என்றால் பொருள் கச்சிதம்.

ராணிப்பேட்டையிலிருந்து:

கச்சிதம்தான், ஆனால் காதில் 'புரிகிற கசிவு' என்று விழும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே நுண்புழை வேலைதான், அதை விளக்க யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திரியேற்றம் என்று வைக்கலாம்.

பெயர் எதுவானாலும் சொற்பட்டியல் பதிவில் சோதனை முறை இருக்க வேண்டும். பெயர் தெரிந்தும் பழுதைத் தவறாகப் பிடிப்பவர்கள் உண்டு. கவர், குரோமெட், ஒயர் எல்லாவற்றையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவிடுங்கள். கேஸ்கட் விளிம்பிலும் குரோமெட்டைச் சுற்றியும் டால்கம் பவுடர் தூவுங்கள். எஞ்சினை 15 நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். பவுடர் விளிம்பில் நனைந்தால் கேஸ்கட், ஒயரைச் சுற்றி நனைந்தால் குரோமெட். பவுடர் அப்படியே இருக்க, கப்ளர் பின் மட்டும் ஈரமானால் நாம் பேசுகிற பழுது. எஞ்சின் ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் வண்டி ஒழுங்காக ஓடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கப்ளர் ரப்பர் உப்பி, புழுதி ஒட்டி, பின் தளர்ந்து சூடான பிறகுதான் சார்ஜ் ஏறவில்லை என்று வருவார்கள்.

ஸ்டேட்டர் எண்ணெயில் நனைகிற வண்டிக்குத்தான் இது என்பதையும் சேர்க்க வேண்டும். யமஹா ஆர்எக்ஸ் 100 போல மேக்னெட் உலர்ந்த அறையில் இருந்தால், ஒயரில் எண்ணெய் தெரிந்த உடனே கிராங்க் ஆயில் சீலைத்தான் பார்க்க வேண்டும்.

காட்பாடியிலிருந்து:

ஊறலைத் திரும்பப் பெறுகிறேன். 'திரி' பிடித்திருக்கிறது, 'ஏற்றம்' பிடிக்கவில்லை. இந்த எண்ணெய் மேலே மட்டும் ஏறுவதில்லை. ஒயர் கீழ்நோக்கிப் போனாலும் அழுத்தத்தால் போய்க்கொண்டே இருக்கும். சார்ஜைச் சீராக்கும் ரெகுலேட்டர் வரைக்கும் போகும். கசிவு என்ற சொல்லைத் தள்ளிவிட வேண்டியதில்லை, முன்னால் வழியைச் சேர்த்தால் போதும்: திரிக்கசிவு.

இனி தீர்வுக்கும் ஒரு சொல் வேண்டும். எண்ணெய் நிற்க வேண்டும், மின்சாரம் போக வேண்டும். 'திரித்தடை' என்று யோசித்தேன். எலக்ட்ரீஷியன் மின்தடை என்று எடுத்துக்கொண்டு ஓம் மீட்டரைத் தேடுவார். எனவே திரியடைப்பு.

செய்முறையை எழுதிவிடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் கிராங்க் கேஸின் அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா, ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளழுத்தம் குறையாமல் அடைப்பு மட்டும் போட்டால், அடுத்து பலவீனமான இடம் எதுவோ அங்கே எண்ணெய் தள்ளும்.

அடைப்பைக் கவருக்கு வெளியே, குரோமெட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் போட்டால் கவரைக் கழற்ற வேண்டாம். எஞ்சின் முழுக்க ஆறட்டும், பேட்டரி முனையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஒயரையும் வெட்டுங்கள் (பிறகு ஈயம் வைத்துத் திரும்ப இணைக்கப் போகிறோம்), ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வெட்டக்கூடாது. இணைப்புகள் ஒன்றுக்கொன்று 2 செ.மீ. தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் கட்டு தடித்து உறைக் குழாய்க்குள் போகாது. ஸ்டேட்டரிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர் வருகிற வண்டியில் அவை மூன்றும் மாறுதிசை மின்சாரத்தின் மூன்று கட்டங்கள் என்பதால், மூன்றில் எதை எதோடு சேர்த்தாலும் சார்ஜ் வரும். ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயிலின் இரண்டு ஒயரை மாற்றிவிட்டால் ஸ்பார்க் நேரம் கெடும், அதில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

சூட்டில் சுருங்கும் குழாயை முதலில் ஒயரில் கோத்துவிட்டு, இரு முனையிலும் 10 மி.மீ. உறையை உரியுங்கள். இழைகளை விரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் முக்கி, டிஷ்யூவால் அழுத்தி எடுங்கள். டிஷ்யூவில் கறை வராத வரைக்கும். எண்ணெய் இருக்கிற செம்பில் ஈயம் உருண்டு நிற்கும், ஒட்டாது. இந்த வேலை தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

இரு முனை இழைகளையும் சேர்த்துப் பற்றவைக்க 60 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்), ஈயம் ஒட்ட உதவும் ரோசின் பிளக்ஸ். ஆசிட் பேஸ்ட் தொடவே கூடாது, இழையைத் தின்றுவிடும். ஈயத்தை அயர்னில் வைக்காமல் கம்பியில் வையுங்கள். கம்பியே சூடாகி உறிஞ்சினால்தான் நடு இழை வரைக்கும் போகும். மேலே மட்டும் பளபளத்தால் அது வெறும் சாதாரண இணைப்பு, எண்ணெய் நடுவில் போய்க்கொண்டுதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு ஒயரில் செய்து குறுக்கே வெட்டிப் பாருங்கள், வெட்டுமுகத்தில் புள்ளி புள்ளியாகச் சந்து தெரியக்கூடாது.

கடைசியாக, உறையின் விளிம்பை எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, இருபக்கமும் 4 மி.மீ. உறையின் மேல் ஏறுகிற மாதிரி இரண்டு டியூப் எபாக்ஸி பூசி, உள்ளே பசை உள்ள 4 செ.மீ. சுருங்கும் குழாயை அதன்மேல் இழுத்துச் சூடுகாட்டுங்கள். ஈயம் இழைகளை மூடுகிறது, எபாக்ஸி ஈயத்துக்கும் உறைக்கும் நடுவிலுள்ள சந்தை மூடுகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எண்ணெய் வரும்.

குடியாத்தத்திலிருந்து:

திரிக்கசிவு, திரியடைப்பு இரண்டுக்கும் சம்மதம். செய்முறையில் இரண்டு சேர்க்கை.

ஒன்று, ஈயம் வைத்த இடம் விறைத்துவிடும், அதிர்வில் அது முடிகிற ஓரத்தில்தான் ஒயர் முறியும். அடைப்புக்கு இருபக்கமும் 3 செ.மீ.க்குள் கிளிப் வேண்டும், கிளிப் இரண்டும் எஞ்சினிலேயே இருக்க வேண்டும். ஒன்று எஞ்சினிலும் ஒன்று பிரேமிலும் இருந்தால் இரண்டும் தனித்தனியாக ஆடும், ஒயர் அறுந்துவிடும். ஈயமே வேண்டாம் என்பவர்கள் நடுவில் சுவர் உள்ள பட் கனெக்டரை (இரு ஒயர் முனைகளை நேருக்கு நேர் சேர்க்கும் உலோகக் குழல்) நசுக்கிப் பிடிக்க வைத்து அதே எபாக்ஸியும் குழாயும் போடலாம். நடுச்சுவர் இல்லாத கனெக்டரில் எண்ணெய் நேராகக் கடந்துவிடும்.

இரண்டு, கவருக்கு உள்ளே போடுகிற அடைப்புக்கு இந்த முறை ஆகாது. உள்ளே எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டும், குழாயின் பசை இளகிவிடும். 5 நிமிட எபாக்ஸியும் சூட்டில் மெத்தென்று ஆகிவிடும். ஒருநாள் காய்கிற எபாக்ஸியும் டெஃப்லான் ஸ்லீவும்தான் உள்ளே நிற்கும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அப்படியானால் பதிவு இப்படி:

திரிக்கசிவு: பல இழை மின்கம்பியின் உறைக்குள், இழைகளின் சந்து வழியே எண்ணெய் பரவி மறுமுனையில் வெளிப்படுவது. குரோமெட், கேஸ்கட் மாற்றினால் நிற்காது.

திரியடைப்பு: மின்தொடர்பு விடாமல், இழைச் சந்தை மட்டும் ஈயத்தாலோ நடுச்சுவர் உள்ள கனெக்டராலோ மூடும் இணைப்பு.

நியூட்ரல் சுவிட்ச் ஒயருக்கும் இதே பதிவு பொருந்துமா? அங்கே ஒரே ஒரு ஒயர்தான் போகிறது, சுவிட்ச் தொப்பிக்குள்ளிருந்தும் எண்ணெய் வெளியே வரலாம். பவுடர் சோதனையில் தொப்பி காய்ந்திருந்தால் மட்டும் திரிக்கசிவு என்று ஒரு வரி சேர்க்கிறேன்.