பகுதிநேரத் தொழில் வருமானம்: வரிக் கணக்கில் எப்படிக் காட்டுகிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். மாதச் சம்பள வேலையில் இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் லோகோ வரைந்து கொடுக்கிறேன். சம்பளத்துக்கு நிறுவனமே வரி பிடித்துவிடுகிறது. இந்தக் கூடுதல் வருமானத்தை என் தனிநபர் வரிக் கணக்கில் தொழில் வருமானமாகக் காட்ட வேண்டும், அது வரை சரி. குழப்பம் அதற்கு அப்புறம்தான்.

வேலை பிடித்துத் தரும் இணையதளம், தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் வங்கியில் போடுகிறது. கைக்கு வந்ததை மட்டும் எழுதினால், அவர்கள் வரித்துறைக்கு மொத்தத் தொகையைத் தெரிவித்திருந்தால் கணக்கு இடிக்குமே! மொத்தத்தையும் வரவில் காட்டி, கமிஷனைச் செலவில் கழிப்பதுதான் முறையாகப் படுகிறது. அப்படிச் செய்பவர்கள் கமிஷனுக்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்? தளத்தின் மாத அறிக்கையே போதுமா?

இன்னொன்று லேப்டாப். அதில் நான் வரைவதைவிட வீட்டில் படம் பார்ப்பதுதான் அதிகம். தொழிலுக்கான பங்கை மட்டும்தான் கழிக்க முடியும் என்று தெரியும். அந்தப் பங்கை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? மணிக்கணக்கு எழுதி வைக்கிறீர்களா? குத்துமதிப்பாகப் போட எனக்குத் துணிவில்லை.

ஆண்டுக் கடைசியில் அனுப்பிய பில்லுக்குப் பணம் அடுத்த ஆண்டு வந்தால், எந்த ஆண்டில் சேர்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 'சின்னத் தொகைதானே, காட்டாதே' என்ற யோசனை மட்டும் வேண்டாம். அதை ஏற்கெனவே நிறையக் கேட்டாயிற்று.