மறு: ‘இயந்திரக் கடவுள்’ – வேறு நல்ல சொல் உண்டா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கதையின் சிக்கலை வெளியிலிருந்து திடீரென வந்து தீர்த்துவைக்கும் தெய்வத்தை (அல்லது உதவியை) ‘deus ex machina’ என்பார்கள்; பழைய கிரேக்க மேடையில் பொறியில் தொங்கவிட்டுக் காட்டிய தெய்வத்திலிருந்து வந்த பெயர். நம் அகராதிக்கு அதற்கு ‘இயந்திரக் கடவுளை’விட நல்ல தமிழ்ச்சொல் தேடுகிறோம். நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘திடீர்த் தெய்வம்’ போதுமே. வாசகருக்கு உடனே புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீசின் ‘ஒரெஸ்டஸ்’ (கி.மு. 408) நாடகத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். அரண்மனைக் கூரைமேல் ஒரெஸ்டஸ், அவன் வாள் ஹெர்மியோனியின் கழுத்தில். கீழே அவள் அப்பன் மெனலாவுஸ் நின்று கத்துகிறான். அரண்மனைக்குத் தீ வைக்கவும் ஆள் தயார். அப்போது மேலே அப்போலோ தெய்வம் தோன்றி, கழுத்திலிருந்து வாளை அகற்று, அவளையே கட்டிக்கொள் என்கிறார். கழுத்தறுக்க நின்றவன் மாப்பிள்ளை! இதில் உறுத்துவது திடீர்த்தன்மை இல்லை. திடீர்த் திருப்பம் நல்ல கதையிலும் வரும். கதை போட்ட முடிச்சை, கதைக்கு வெளியிலிருந்து ஒரு கை நீண்டு அறுத்துவிடுகிறதே, அதுதான் உறுத்தல்.

இன்னொன்று. அரிஸ்டாட்டில் ‘கவிதையிய’லின் 15ஆம் இயலில் இதைக் கண்டிக்கும்போது காட்டும் எடுத்துக்காட்டு, அதே யூரிப்பிடீசின் ‘மெடியா’ (கி.மு. 431). அதில் தெய்வமே வரவில்லை. பெற்ற பிள்ளைகளைக் கொன்ற மெடியா, பாட்டன் சூரியதேவன் கொடுத்த தேரில் ஏறித் தப்பிவிடுகிறாள். அரிஸ்டாட்டில் குறைசொன்னது கடவுளை இல்லை, பொறியை. ஆகவே நம் சொல்லில் கடவுள் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், அந்தப் பொறி இருந்தே ஆகவேண்டும்.

அது என்ன பொறி? நம் கிணற்று ஏற்றத்துக்குத் தூரத்து உறவு என்று வையுங்கள்: நீண்ட மரம், கப்பி, கயிறு. மேடைக்குப் பின்னாலிருந்து நடிகரைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தும். அரிஸ்டோஃபனீசின் ‘அமைதி’ என்ற நகைச்சுவை நாடகத்தில் (கி.மு. 421) சாணவண்டின் மேலேறி வானுலகம் போகிறவன், நடுவழியில் பயந்துபோய், பார்த்து இழுப்பா என்று பொறி இழுப்பவனிடமே கெஞ்சுகிறான். பார்ப்பவர்களுக்கும் கயிறு தெரிந்துதான் இருந்தது.

அதனால் என் பரிந்துரை: கயிற்றுத் தெய்வம். ‘கயிறு திரிக்கிறான்’ என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். அந்த வாசனையும் ஒட்டிக்கொள்ளட்டும்.

———

ஐயா, வணக்கம். கயிறு என்றதும் எனக்குப் பொம்மலாட்டம்தான் கண்ணில் வருகிறது. ‘பொறித்தெய்வம்’ ஆகாதா? சீவக சிந்தாமணியில் மயில் வடிவில் பறக்கும் மயிற்பொறியே இருக்கிறதே. சிலம்பில் வான ஊர்தி வந்து கண்ணகியை ஏற்றிப்போகிறது. அதையும் கயிற்றுத் தெய்வம் என்பீர்களா? மதுரையின் காவல்தெய்வம் மதுராபதியை என்ன செய்வீர்கள்?

———

அம்மா, நல்ல கேள்விகள்.

பொறி என்றால் இன்றைக்கு எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி. ‘பொறித்தெய்வம்’ என்று எழுதினால் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்? மயிற்பொறி இதற்கு நேர் எதிர். சீவகனின் தந்தை சச்சந்தன் அதை முன்னதாகவே செய்யச் சொல்லி, மனைவி விசயைக்கு ஓட்டவும் பழக்கிவிடுகிறான். ஆபத்து வந்தபோது அவளே ஓட்டிப்போகிறாள். கதை தானே செய்துவைத்த பொறி அது.

சிலம்பில், பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்து மணி தெறித்தபோதே வழக்கு முடிந்தது. முடித்தவள் கண்ணகி. மதுராபதி வந்து முற்பிறப்பைச் சொல்கிறதே தவிர ஒரு முடிச்சையும் அவிழ்க்கவில்லை. ஊர்தி வருவது பதினாலு நாள் கழித்து. எல்லாம் முடிந்தபின் வரும் தெய்வம் இந்தக் கணக்கில் சேராது. மெடியாவின் தேரும் கண்ணகியின் ஊர்தியும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் மெடியாவுக்கு அந்தத் தேர் இல்லாவிட்டால் தப்ப வழியே இல்லை.

பொம்மலாட்டம் நினைவுக்கு வந்தால் வரட்டும். அப்போலோவையும் மேலிருந்து ஒருவர் ஆட்டத்தானே செய்கிறார்.

வினைச்சொல்தான் சிக்கல். முதலில் ‘தெய்வம் இறக்குதல்’ என்று குறித்து வைத்திருந்தேன். சாமி இறங்குதல் என்றால் நம் ஊரில் அருள்வந்து ஆடுவது, குழம்பிவிடும். ‘கயிற்றை இறக்குதல்’ என்று வைக்கலாமா? “நாவலாசிரியர் கடைசி அத்தியாயத்தில் கயிற்றை இறக்கிவிட்டார்.” இதற்குக் கடவுளே தேவையில்லை. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் ‘மூன்று காசு இசைநாடக’த்தில் (1928) தூக்குமேடை ஏறவேண்டிய கொள்ளைக்காரனுக்கு மன்னிப்போடு கோட்டையும் ஓய்வூதியமும் கொண்டு அரச தூதன் வந்து நிற்பானே, அவனும் கயிற்றில் வந்தவன்தான். பிரெக்ட் கேலிக்காக வேண்டுமென்றே இறக்கினார் என்பது வேறு விஷயம்.

அகராதிப் பதிவில் ‘கயிற்றுத் தெய்வம்’ என்று பிரித்தே போடலாம் என்று நினைக்கிறேன். தேடுபொறியில் ‘கயிறு’ என்று தேடுகிறவருக்கும் அகப்பட, பக்கத்தில் ‘கயிறிறக்கம்’ என்றும் சேர்த்துவிடலாமா?