வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்: நல்ல லேபர் லாயரை எப்படிக் கண்டுபிடிப்பது? (மலேசியா)

தேவி, கிள்ளான்
தொழிற்சாலையில் ஆறு வருட வேலை, மாதம் 3,200 ரிங்கிட். உள்விசாரணை வைத்து, கடிதம் கொடுத்த அன்றே நீக்கிவிட்டார்கள். 40 நாளாகிறது. ஒருவர் "இப்போது பணம் வேண்டாம், ஜெயித்தால் 30 விழுக்காடு" என்கிறார். நம்பலாமா?

முத்தையா
சகோதரி, முதலில் தேதியைப் பாருங்கள். 1967 தொழிலுறவுச் சட்டம், பிரிவு 20: நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டினால் எந்த லாயராலும் காப்பாற்ற முடியாது. கம்பெனிக்கு அப்பீல் போட்டிருந்தாலும் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். மனுவை நீங்களே கொடுக்கலாம். அதில் இழப்பீடு கேட்காமல், மீண்டும் வேலையில் அமர்த்தும்படி கேளுங்கள். அந்தப் பிரிவு இருப்பதே அதற்குத்தான். இலாகாவின் சமரசப் பேச்சில் லாயருக்கு இடமில்லை. அது முறிந்து விவகாரம் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும்போதுதான் அவர் தேவை.

சரளா
அந்த 30 விழுக்காட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று பேச 1976 வழக்கறிஞர் தொழில் சட்டம், பிரிவு 112 அனுமதிப்பதில்லை. அப்படிப் பேசுபவர் வழக்கறிஞர்தானா என்பதே சந்தேகம். வழக்கறிஞர் மன்ற இணையத்தளத்தில் பெயரைத் தேடுங்கள்.

அனுபவத்தைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. தொழில் நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் இணையத்தளத்திலேயே கிடைக்கும். யார் எந்தத் தரப்புக்கு வாதாடினார் என்று அதில் இருக்கும். முதலாளிகளுக்கே வாதாடும் நிறுவனம் என்றால், உங்கள் கம்பெனி அவர்களின் கட்சிக்காரரா என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். குறுக்கு விசாரணை செய்யப்போவது யார் என்பதும் முக்கியம். பெரிய பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின் கோப்பு ஜூனியர் கைக்குப் போவது உண்டு. கட்டணத்தைக் கோரிக்கை மனு, விசாரணை நாள், எழுத்து வாதம் என்று பிரித்து எழுத்தில் வாங்குங்கள். விசாரணை தள்ளிப்போகும் நாளுக்கும் காசு உண்டா? அங்கேதான் பில் ஏறும்.

முத்தையா
கட்டணம் தகுமா என்று பார்க்க ஒரு கணக்கு. பின்சம்பளம், அதாவது நீக்கியபின் இழந்த சம்பளம், அதிகபட்சம் 24 மாதம்: 76,800. வேலை திரும்பக் கிடைக்காவிட்டால், அதற்கு ஈடாக, வேலை செய்த வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது வழக்கம்: 19,200. இடையில் வேறு வேலையில் சம்பாதித்தாலோ உங்கள் மீதும் தவறு இருந்தாலோ குறையும். முழுத் தொகையும் உறுதி என்பவரிடம் போகாதீர்கள்.

நீக்கியதற்கு நியாயமான காரணம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான். ஆகவே விளக்கம் கேட்ட கடிதம், உங்கள் பதில், விசாரணைக் குறிப்பு, நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். அதைப் படிக்காமலே "ஜெயிக்கலாம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.