ஹிமேஜியில் ஒரு மதியம்: தரை துடைக்கும் துணியும் தோல் பையும்

போன இடத்தில் மனசில் தங்கிப்போன ஒரு சந்திப்பைச் சொல்லச் சொன்னீர்கள். என்னுடையது ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்தது.

எங்க ஊர் பேர்ணாம்பட்டு. அப்பாவுக்கு முப்பது வருஷமாகத் தோல் ஷாப்பில்தான் வேலை; தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்க பக்கம் ஷாப்பு என்போம். வேலூரில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படித்தபோது, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் மூன்று வாரம் ஜப்பானில் ஹிமேஜி நகருக்குப் போய்வந்தேன். ஹிமேஜி என்றால் எல்லோரும் அந்த வெள்ளைக் கோட்டையைத்தான் சொல்வார்கள். தோல் பதனிடுவதிலும் அந்த ஊருக்குப் பழைய பேர் உண்டு. அப்பாவிடம் சொன்னதும், "அப்போ நம்ம ஊருதான், போய்ட்டு வாம்மா" என்றார்.

ஒருநாள் எங்களை அங்கே ஒரு தொடக்கப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். வாசலிலேயே வெளிச் செருப்பைக் கழற்றி மரத்தட்டில் வைத்துவிட்டு, உள்ளே போட என்றே இருக்கும் வெள்ளைக் காலணிக்கு மாறுகிறார்கள் பிள்ளைகள். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஏழெட்டுப் பேர் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு வாளியைத் தூக்கிவந்தார்கள். அந்த வாரம் பரிமாறும் முறை அவர்களுடையது. எல்லோருக்கும் தட்டு வைத்து முடிகிறவரை யாரும் வாயில் வைக்கவில்லை. பிறகு ஒரே குரலில் "இதாதகிமாசு"; சாப்பிடும் முன் நன்றியாகச் சொல்லும் வார்த்தை. ஆசிரியரும் அதே வகுப்பில், அதே சாப்பாடு.

உங்க ஊர்ப் பள்ளியில் என்ன தருவார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். சோறு, முட்டை என்று சத்துணவைப் பற்றிச் சொன்னேன். 2022-ல் தொடங்கிய திட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையிலும் உப்புமா, பொங்கல், கிச்சடி என்று கிடைப்பதைச் சொன்னபோது, மொழிபெயர்த்த அக்காவையே பிள்ளைகள் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்கள். காலைச் சாப்பாடும் பள்ளியிலா! எனக்குப் பெருமையாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஒலிபெருக்கியில் பாட்டு போட்டார்கள். சுத்தம் செய்யும் நேரம். மேசைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, பழைய துண்டை மடித்துத் தைத்த துணியைத் தரையில் விரித்து, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி, முதுகை உயர்த்திக்கொண்டு வரிசையாக ஓடுகிறார்கள். ஓடுகிற வேகத்தில் மரத்தரை பளபளக்கிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் துணி பிழியக் கற்றுக்கொடுத்தான். துணியை நிமிர்த்திப் பிடித்து உள்பக்கமாக முறுக்க வேண்டுமாம். அந்தக் குட்டிக் கை முறுக்கியதில் நாலு சொட்டுதான் விழுந்தது. ஆசிரியரும் முட்டி போட்டு அதே வரிசையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே வகுப்பைக் கூட்ட ஆள் வேண்டுமென்றால் கண்ணை ஓட்டித் தேட மாட்டார்கள். நேராக எங்கள் நாலு பேர் பெயர்தான் வரும். நாலு பேருடைய அப்பாவும் ஷாப்பு வேலை. "உன்மேல ஷாப்பு நாத்தம் அடிக்குது" என்று பக்கத்தில் இருந்தவள் பெஞ்சில் தள்ளி உட்காருவாள். தினம் இரண்டு வேளை குளித்துவிட்டுப் போவேன். அப்படியும் தள்ளித்தான் உட்காருவாள்.

ஹிமேஜியில் ஒரு குழந்தை என் கையிலும் ஒரு துணியைக் கொடுத்தது. குனிய முதலில் மனசு வரவில்லை. பிறகு நானும் அந்த வரிசையில் போய் நின்றேன்.

கிளம்பும்போது பின்பக்க அலமாரியில் அவர்களுடைய பைகளைப் பார்த்தேன். ராண்டோசெரு என்பார்கள், முதுகில் மாட்டும் பெட்டி மாதிரியான கெட்டிப் பை. ஒன்றாம் வகுப்பில் வாங்கியதையே ஆறாம் வகுப்பு வரை வைத்துக்கொள்வார்களாம். இப்போது செயற்கைத் தோலில்தான் நிறைய வருகிறது. அங்கே ஒரு பை மட்டும் அசல் மாட்டுத்தோல். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்தப் பையன் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தான். மூடியைத் திறந்ததும் எங்க வீட்டு வாசனை.

அந்த ஊர்க்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. தோல் வேலை செய்தவர்களை அங்கேயும் ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள். 1871-ல் அரசாணை போட்டு அவர்களுக்கு இருந்த இழிவுப் பெயரை நீக்கினார்கள், ஆணை போட்டவுடன் ஊர் மனசு மாறிவிடவில்லை என்று வந்தபிறகு படித்தேன். படித்த அன்று அந்தப் பை இன்னும் கனத்தது.

குடியாத்தம் பக்கம் டீச்சராக இருக்கும் அக்கா, பிள்ளைகளே சுத்தம் செய்யும் இந்தப் பழக்கத்தை நம்ம பள்ளியிலும் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளை விளக்குமாறு எடுக்க வைக்கக் கூடாது என்று இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது அக்கா. யார் கையில் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் செய்தால் வருகைப் பதிவேட்டு வரிசைப்படியே முறை போடுங்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.

அன்று ராத்திரி அந்தப் பையின் படத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார். "ஓரத்தை மடிச்சுத் தைச்சிருக்கானா, அப்படியே வெட்டி விட்டிருக்கானா? கிட்ட வெச்சு இன்னொரு படம் எடும்மா."