வூகாமர்ஸ் கடையில் பொருள் பக்கங்கள் மட்டும் 404 காட்டுவது ஏன்?

கேள்வி (ஆம்பூர்)

வணக்கம். ஆம்பூரில் தைக்கப்படும் தோல் பணப்பைகளையும் பெல்ட்டுகளையும் வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் வழியாக விற்று வருகிறோம். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஹோஸ்டிங்கிலிருந்து எங்களுக்கெனத் தனியே ஒதுக்கிய விபிஎஸ் (மெய்நிகர்) சர்வருக்குத் தளத்தை மாற்றிய பின் முகப்பு திறக்கிறது. ஆனால் எந்தப் பொருளைத் தொட்டாலும் 404 (பக்கம் இல்லை) பிழை வருகிறது. பெர்மாலிங்க்கை, அதாவது பக்க முகவரிகளின் வடிவத்தை, ‘பிளெயின்’ என மாற்றினால் பொருள்கள் திறக்கின்றன. அப்படியே விட்டுவிட்டால் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய இணைப்புகள் என்னவாகும் என்பதே எங்கள் கவலை. தீபாவளி விற்பனை நெருங்குகிறது, உதவுங்கள்.

பதில் (வேலூர்)

ஐயா, ‘பிளெயின்’ அமைப்பில் விடாதீர்கள். கூரியர் செயலி போன்றவை கடையோடு பேசப் பயன்படுத்தும் வூகாமர்ஸ் ஏபிஐ அதில் ஒழுங்காக இயங்காது. முதலில் அந்த 404 பக்கத்தை உற்றுப் பாருங்கள். உங்கள் கடையின் தலைப்பும் மெனுவும் அதில் தெரிந்தால் கோரிக்கை வேர்ட்பிரஸ் வரை வந்துவிட்டது என்று பொருள்; அப்போது அமைப்புகளில் பெர்மாலிங்க் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமித்தாலே முகவரி விதிகள் புதிதாக எழுதப்பட்டுப் பெரும்பாலும் சரியாகிவிடும். வெறும் வெள்ளைப் பக்கத்தில் சர்வரின் பெயர் மட்டும் தெரிந்தால், கோரிக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. பழைய இடத்தில் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் இருந்திருக்கும். அது, இந்த விதிகள் எழுதப்படும் எச்டிஅக்சஸ் கோப்பைப் படிக்கும். என்ஜின்எக்ஸ் என்ற மற்றொரு சர்வர் மென்பொருள் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே, கேட்ட கோப்போ அடைவோ இல்லாதபோது கோரிக்கையை வேர்ட்பிரஸின் இன்டெக்ஸ் பிஎச்பி கோப்புக்கு அனுப்பும் ‘ட்ரை ஃபைல்ஸ்’ வரியைச் சர்வர் அமைப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

வெள்ளைப் பக்கம்தான், என்ஜின்எக்ஸ்தான். ஹோஸ்டிங் நிறுவனத்தார் அந்த வரியைச் சேர்த்ததும் பொருள்கள் திறந்துவிட்டன, மிக்க நன்றி. இன்னொன்று: தமிழில் பெயரிட்ட பொருள்களின் இணைப்புகள் பாதியில் அறுந்தும், சில 2 என்ற எண்ணோடு முடிந்தும் காணப்படுகின்றனவே?

பதில் (ராணிப்பேட்டை)

அது சர்வரின் கோளாறு அன்று. வேர்ட்பிரஸ் ஒரு ஸ்லக்குக்கு (இணைப்பில் பொருளின் பெயர் வரும் பகுதி) 200 இடங்களே ஒதுக்குகிறது. யூனிகோடில் க, ல போன்ற எழுத்துக்கும், புள்ளி, கால், கொம்பு போன்ற ஒவ்வொரு குறிக்கும், இணைய முகவரிக்கான விழுக்காட்டுக் (%) குறியீடாக மாறும்போது 9 இடங்கள் தேவைப்படும். ‘ஆண்களுக்கான கைத்தையல் தோல் பணப்பை’ என்று பெயரிட்டால் ‘தோ’ என்பதோடு 200 நிறைந்துவிடுகிறது. கறுப்புக்கும் பழுப்புக்கும் தனித்தனிப் பொருள் வைத்திருந்தால், இரண்டும் அதே இடத்தில் அறுந்து ஒன்றாகிவிடுவதால், இரண்டாவதற்கு 2 ஒட்டிக்கொள்ளும். பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு ஸ்லக்கை மட்டும் ‘தோல்-பணப்பை-கறுப்பு’ எனச் சுருக்குங்கள். வெளியிட்ட பொருளின் பழைய ஸ்லக்கை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்திருந்து புதியதற்குத் திருப்பிவிடும் என்பதால் வாட்ஸ்அப் இணைப்புகள் வீணாகா. பொருள் வகைகளின் ஸ்லக்கில் கை வைக்காதீர்கள். அவற்றுக்கு இந்த வசதி இல்லை.

பதில் (வேலூர்)

புதிய சர்வரில் கேஷ் (பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் வசதி) இயங்கினால், கூடை, பணம் செலுத்தும் பக்கம், ‘என் கணக்கு’ ஆகிய மூன்றையும் விற்பனைக்கு முன் அதிலிருந்து விலக்கிவிடுங்கள். இல்லையேல் ஒருவருடைய கூடை மற்றவருக்குத் தெரியக்கூடும்.