கார் ஹீட்டரில் சூடு வரவில்லையா? ஹீட்டர் கோரை மாற்றுமுன் ஒருமுறை கழுவிப் பாருங்கள்

கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி மாதம் மைனஸ் 30 டிகிரி என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அந்தக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் வண்டி ஓட்டுவது ஆபத்து. கை விறைப்பது ஒருபுறம் இருக்கட்டும், நாம் விடும் மூச்சே முன்கண்ணாடியின் உட்புறம் பனியாகப் படிந்து சாலையை மறைத்துவிடும்.

எங்கள் பழைய வேனில் டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தில்தான் நின்றது. ஃபேனும் நன்றாக ஓடியது. ஆனால் டிரைவர் பக்கம் லேசான வெதுவெதுப்பு, மனைவி உட்காரும் பக்கம் சில்லென்ற காற்று. ஒரு கராஜில் காட்டினால், ஹீட்டர் கோரை மாற்றணும், டேஷ்போர்டை முழுசா இறக்கணும் என்றார்கள். பாகத்தின் விலையைவிடக் கூலி பல மடங்கு.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், எஞ்சினில் சூடாகி அதற்குள் ஓடும். ஃபேன் அதன் வழியாகக் காற்றை ஊதும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதற்குள் போய்வரும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். பெல்ட் பக்கம் கை போக வேண்டாம். இரண்டும் சூடாக இருந்தால், உள்ளே காற்றைத் திருப்பும் கதவில்தான் பெரும்பாலும் கோளாறு. இரண்டும் ஆறிக் கிடந்தால் கூலன்ட் அளவையும், எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். எங்கள் வேனில் ஒன்றில் விரல் வைக்க முடியவில்லை, மற்றதை நிதானமாகப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அப்படியென்றால் அடைப்பு.

குளிர்காலத்தில் இங்கே வெளிக்குழாய்கள் மூடிக் கிடக்கும். அதனால் வீட்டு கராஜுக்குள், துணி துவைக்கும் இடத்துக் குழாயிலிருந்து ஹோஸ் இழுத்துச் செய்தோம். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, வெளியே வரும் வழியில் தண்ணீரைத் திருப்பி விட்டோம். எதிர்த்திசையில் விட்டால்தான் சிக்கிய கசடு வந்த வழியே திரும்பும். முதலில் நூலாக ஒழுகியது. அப்புறம் துருநிறத்தில் சேறு, அதோடு பளபளக்கும் பொடி. முன்பு வைத்திருந்தவர் ரேடியேட்டர் கசிவை அடைக்க எதையோ ஊற்றியிருக்கிறார் என்பது அப்போது புரிந்தது. திசை மாற்றி மாற்றித் தெளிந்த தண்ணீர் வரும்வரை விட்டோம். குழாயை மட்டும் முழுதாகத் திறந்துவிடாதீர்கள். பல கார்களில் இந்த அமைப்பு ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடுவது. வீட்டுக் குழாயில் அதைவிடப் பல மடங்கு வரும், கோர் பிளந்துவிடும்.

இந்த ஊர்க்காரர்கள் அடுத்ததைக் கவனிக்கணும். உள்ளே வெறும் தண்ணீர் தங்கினால் உறைந்து கோரையே உடைக்கும். மெல்ல ஊதி வெளியேற்றிவிட்டுக் கூலன்டை நிரப்புங்கள். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். நான் கூலன்ட் 60, தண்ணீர் 40 என்று கலந்து ஊற்றினேன். வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, குமிழி அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டதும் இரண்டு பக்கமும் அனல் அடித்தது.

கழிந்த கூலன்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் செத்துவிடும். மூடிய கேனில் பிடித்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

*

வாசகர் ஒருவரின் பதில்: அண்ணா, நல்ல விவரம். என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். என் காரிலும் சூடு குறைந்தது, ஆனால் கூடவே உள்ளே ஒரு இனிப்பு வாசனை, கண்ணாடியில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் பிசுக்கு, பக்கத்து சீட்டின் காலடிக் கம்பளத்தில் ஈரம். கூலன்டும் குறைந்துகொண்டே வந்தது. இந்த அறிகுறிகள் இருந்தால் கோர் ஓட்டையாகிவிட்டது, கழுவிப் பயனில்லை. நான் மாற்றத்தான் வேண்டியிருந்தது.