பழைய பிஸ்பைஸ் (சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சாஃப்ட்வேர்) ப்ராஜெக்டைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்க

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
எங்க கொலுசுப் பட்டறையில் முலாம் பூசுற ரெக்டிஃபையரை (ஏசியை டிசியாக்கும் சர்க்யூட்) மாமா 2005-ல் பிஸ்பைஸ் 9.1 மாணவர் பதிப்பில் போட்டு வச்சிருந்தார். 64 நோடு (பாகங்கள் சேரும் இணைப்புப் புள்ளி), 10 டிரான்சிஸ்டருக்கு மேல் அது ஏற்காது. அதனால் பவர் பகுதி ஒரு கோப்பு, கன்ட்ரோல் பகுதி இன்னொரு கோப்பு. மாமா இப்போ இல்லை. அந்த சர்க்யூட்டைக் கைவிட எனக்கு மனசு வரலை.

கைகேடு என்ற இலவச சர்க்யூட் சாஃப்ட்வேருக்கு மாற்றப் பார்த்தேன், அதில் வரைபடம் திறக்கவே இல்லை. ஆனா அதே ஃபோல்டரில் நெட்லிஸ்ட் இருந்தது. நோட்பேடில் திறந்தா வெறும் எழுத்துதான்: எந்தப் பாகம், எந்த நோடுக்கும் எந்த நோடுக்கும் நடுவில், என்ன மதிப்பு. அதைப் பார்த்தே ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பவர் பகுதியை வரைஞ்சேன். ஓட்டினா +12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் -12! டிரான்ஸ்ஃபார்மர், கிரவுண்டு எல்லாம் சரியா இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்குத்தான் பிடிபட்டது. நான் வரைஞ்ச டயோடு சிம்பலில் கைகேடு வழக்கப்படி 1-ஆம் பின் கேத்தோடு (டயோடின் மைனஸ் முனை). ஸ்பைஸ், அதாவது இந்த சிமுலேட்டர்களுக்கெல்லாம் அடிப்படையான முறை, முதலில் எதிர்பார்ப்பது ஆனோடு (பிளஸ் முனை). பிரிட்ஜில் நாலு டயோடும் தலைகீழ். பின் அசைன்மென்ட்டை மாற்றினதும் மாமா நோட்டில் பென்சிலால் எழுதியிருந்த ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) அளவு அப்படியே வந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துட்டு இருந்தேன்.

ஏற்காடு எஸ்டேட்:
எனக்கு அடி விழுந்தது மெகாவில். காப்பித் தோட்டத்து மோட்டாருக்கு 555 டைமர் (நேரம் கணக்கிடும் சிப்). 1 மெகா ஓம், 100 மைக்ரோ ஃபாரட், 110 விநாடி ஓடணும். பழைய காகிதத்தில் ‘1எம்’னு இருந்ததை எல்டிஸ்பைஸில் (இன்னொரு ஸ்பைஸ் சிமுலேட்டர்) அப்படியே அடிச்சேன். அவுட்புட் எழும்பின மாதிரியே தெரியலை. ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, எம்னா மில்லிதான். ‘மெக்’னு எழுதணும்.

சூரமங்கலம் சர்வீஸ்:
தம்பி, கன்ட்ரோல் பகுதியைக் கையால் வரைய வேண்டாம். மும்பை ஐஐடியின் ஃபாஸி குழு தரும் இ-சிம் என்ற சர்க்யூட் சாஃப்ட்வேரில் பிஸ்பைஸ் வரைபடத்தைக் கைகேடுக்கு மாற்றும் வசதி இருக்கு, இலவசம். பழைய மாடலை என்ஜிஸ்பைஸ் (கைகேடுக்குள்ளே ஓடுற சிமுலேட்டர்) ஏற்காமல் பிழை காட்டினா, சிமுலேட்டர் செட்டிங்கில் பிஸ்பைஸ் இணக்கத்தைப் போடுங்க. மாற்றினதும் ஒவ்வொரு டிரான்சிஸ்டர் பின்னையும் நெட்லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாருங்க.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
ரொம்ப நன்றிங்கண்ணா. இன்னைக்குப் பட்டறை சாத்தினதும் போட்டுப் பார்க்கிறேன். ரெண்டு கோப்பும் முதல் தடவையா ஒரே வரைபடத்தில் சேரப் போகுது.